டீமைப் பார்த்ததும் ஆளைப் புரிந்துகொண்ட தருணங்கள்: போக்கிமான் அனுபவப் பகிர்வு

போக்கிமான் வீடியோ ஆட்டங்களில் உங்கள் எதிரே வந்து நின்ற ட்ரெய்னர்களில் (போக்கிமான் என்ற கற்பனை உயிர்களை வளர்த்துச் சண்டைக்கு இறக்குபவர்கள்), வசனமே இல்லாவிட்டாலும் டீமை வைத்தே "இந்த ஆள் இப்படித்தான்" என்று புரியவைத்தவர் யார்? வலுவான டீம் எது என்ற சண்டை இங்கே வேண்டாம். ஆளுக்குப் பொருந்திய டீம் எது என்று மட்டும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

எனக்கு 1999இல் வந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களின் போட்டியாளன்தான். பேராசிரியர் எல்ம் ஆய்வகத்திலிருந்து ஸ்டார்ட்டரை, அதாவது புது ட்ரெய்னருக்குத் தரும் முதல் போக்கிமானை, திருடிக்கொண்டு ஓடும் சிவப்பு முடிப் பையன். பலவீனமான போக்கிமானுக்கு மதிப்பே கிடையாது என்று பார்க்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவனிடம் ஒரு ஸூபாட் இருக்கும். அது 22ஆம் லெவலில் கோல்பாட்டாக எவால்வ் ஆகும், அதாவது அடுத்த வடிவத்துக்கு மாறும். அங்கே நின்றுவிடும். ஏனென்றால் கோல்பாட் க்ரோபாட் ஆவதற்கு லெவல் உதவாது. தன்னை வளர்ப்பவர்மேல் அதற்குப் பாசம் வந்தால்தான் மாறும். பாசத்தால் எவால்வ் ஆகிற ஏற்பாடே அந்த ஆட்டங்களில்தான் முதன்முதலாக வந்தது.

நடுவில் அந்த ஆட்டங்களின் சாம்பியன் லான்ஸிடம் தோற்றுவிட்டு வருவான். உனக்கு உன் போக்கிமான்மேல் அன்பும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்று அவர் சொன்னதை நம்மிடம் எரிச்சலோடு சொல்வான். சொல்லிவிட்டு அப்படியே போய்விடுவான். விக்டரி ரோட்டில் சந்தித்தால் கோல்பாட். மவுண்ட் மூனில் சந்தித்தால் அப்போதும் கோல்பாட்தான், லெவல் 42. அதற்குப் பிறகு இண்டிகோ பீடபூமிக்குத் திங்கள் அல்லது புதன்கிழமை போனால் வழிமறிப்பான். அங்கே அவன் வெளியே எறிகிற பந்திலிருந்து க்ரோபாட் வரும்.

அவன் மாறிவிட்டான் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை. அவனும் மன்னிப்புக் கேட்பதில்லை. நாமே வீட்டில் ஒரு கோல்பாட்டை வளர்த்துப் பார்த்திருந்தால்தான் அது என்ன செய்தி என்று விளங்கும். எனக்கு விளங்கியபோது ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு நேர் எதிர் வில்லன் கெட்சிஸ். பிளாக், வொய்ட் ஆட்டங்களில் அவருடைய ஹைட்ரைகன் லெவல் 54. ஆனால் அது எவால்வ் ஆகவேண்டியது 64இல். பத்து லெவல் முன்பே எப்படி வந்தது? ஆட்டத்தைச் செய்தவர்கள் சலுகை கொடுத்துவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஆளிடம் அது இருக்கும்போது எனக்குச் சலுகையாகத் தெரியவில்லை, வதையாகத்தான் தெரிகிறது. அடுத்து வந்த பிளாக் 2, வொய்ட் 2இல் அதே ஹைட்ரைகனுக்கு ஃப்ரஸ்ட்ரேஷன் என்ற மூவ் இருக்கிறது. வளர்ப்பவரை எவ்வளவு வெறுக்கிறதோ, அவ்வளவு பலமாக அடிக்கும் மூவ் அது.

* * *

கெட்சிஸைச் சொல்லிவிட்டு "என்"னை விட்டுவிட்டீர்களே என்று எழுத வந்தேன். "என்" என்பது அந்தப் பையனின் பெயர், கெட்சிஸ் வளர்த்த பிள்ளை. போக்கிமான்களை மனிதர்களிடமிருந்து விடுவிக்கவேண்டும் என்பவன். அப்படிப்பட்டவன் டீம் வைத்துக்கொண்டு அலைந்தால் கேலிக்கூத்தாகிவிடும் அல்லவா? எழுதியவர்கள் அதை எவ்வளவு அழகாகச் சமாளித்திருக்கிறார்கள் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவனிடம் வேறு போக்கிமான்கள். நிம்பாஸாவில் சந்திக்கும்போது சாண்டைல், டாருமாக்கா, ஸ்க்ராகி, சிகிலிஃப். நாலும் பக்கத்துப் பாலைவனத்தில் திரிபவை. சார்ஜ்ஸ்டோன் குகைக்குள் சந்தித்தால் போல்டோர், ஜோல்டிக், ஃபெரோசீட், க்ளிங்க். நாலும் அந்தக் குகைவாசிகள். அந்தந்த ஊரில் இருப்பவர்களிடம் "கொஞ்சம் உதவிக்கு வர்றியா" என்று கேட்டுக் கூட்டிவந்தது போல. சொந்தம் கொண்டாடுவது கிடையாது.

கோட்டையில் நடக்கும் கடைசிச் சண்டையில் க்ளிங்க்ளாங் இருக்கும், பல்சக்கரங்களால் ஆனது. ராட்டினம் சுற்றுவதைக் கணக்காகப் பார்த்து ரசிக்கிற பையனுக்கு அதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்?

* * *

நான் சிந்தியாவைப் பற்றித்தான் எழுதுவேன், அதுவும் நீளமாக.

2006இல் வந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்களின் சாம்பியன் அவர். பியானோ இசையோடு அவர் முன்னால் வந்து நிற்பதையும், அவருடைய கார்சோம்ப் எல்லாரையும் நசுக்கியதையும் பற்றி உலகம் முழுக்கப் பேசிவிட்டார்கள். அதைத் தள்ளிவைப்போம். கதைப்படி அவர் யார்? சினோ நாட்டின் தொன்மங்களை ஆராய்கிறவர். ஊர் ஊராகப் போய்ச் சிதைந்த கல்லையும் பழைய ஓவியத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவர். இப்போது அவர் டீமை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் நமக்கு எப்படிக் கிடைக்கும் என்று யோசியுங்கள்.

முதலில் இறக்குவது ஸ்பிரிட்டோம்ப். 108 ஆவிகளை ஒரு கல்லுக்குள் கட்டிப்போட்டதால் உண்டானது. எடையும் 108 கிலோ, சினோ வரிசையில் எண்ணும் 108. நமக்கு வேண்டுமென்றால் ஒரு விசித்திரக் கல்லைத் தேடிப் பிடித்து, 209ஆம் பாதையில் உடைந்து கிடக்கும் கோபுரத்தில் அதைப் பொருத்தி, நிலவறைக்குள் இறங்கி மற்ற ஆட்டக்காரர்களிடம் 32 முறை பேசிவிட்டு வரவேண்டும். பக்கத்தில் டிஎஸ் (நின்டெண்டோவின் கையடக்க ஆட்டக் கருவி) வைத்திருக்கிற ஒரு ஆள்கூட இல்லாமல் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அது எட்டாக்கனி. அந்தக் காலத்தில் பேய், இருள் இரண்டும் சேர்ந்த அந்த டைப்புக்கு (போக்கிமானின் தன்மை வகை) பலவீனமே கிடையாது. 2013இல் ஃபேரி டைப் வந்த பிறகுதான் அதற்கு ஒரு எதிரி கிடைத்தது.

மிலோடிக் எங்கிருந்து வரும்? ஃபீபாஸிலிருந்து. ஃபீபாஸ் எங்கே கிடைக்கும்? கொரோனெட் மலைக்கு அடியிலுள்ள ஏரியில், நாலே நாலு கட்டங்களில். அந்தக் கட்டங்களும் தினமும் இடம் மாறும். தூண்டிலோடு நாள் முழுக்க உட்கார்ந்து பிடித்த பிறகு, பாஃபின் என்ற தின்பண்டம் சமைத்து ஊட்டி அழகைக் கூட்டினால்தான் அது மிலோடிக்காக மாறும். கார்சோம்ப்பின் குட்டியான கிபிள், சைக்கிள் பாதைக்குக் கீழே மறைந்திருக்கும் குகை வாசல் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். அந்த வாசல் திரையில் கண்ணுக்கே தெரியாது. காஸ்ட்ரோடானின் குட்டி ஷெல்லோஸ், கொரோனெட் மலைக்குக் கிழக்கே ஒரு நிறம், மேற்கே வேறு நிறம். ஒரு நாட்டை மலை எப்படி இரண்டாகப் பிரித்தது என்று யோசிக்கிற ஆராய்ச்சியாளர் அதைக் கையில் எடுக்காமல் இருப்பாரா?

ஆக அந்த டீம் ஒரு களப்பணிக் குறிப்பேடு. கல்லறை, ஏரி, குகை, கடற்கரை. நேரம் செலவழித்தவருக்கும் தேடத் தெரிந்தவருக்கும் மட்டும் கிடைக்கிற உயிர்கள். "நான் தொன்மங்களை ஆராய்கிறேன்" என்று அவர் வாயால் சொல்வதைவிட இது பல மடங்கு நம்பும்படி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிறகு வந்த பிளாட்டினம் ஆட்டத்தில் காஸ்ட்ரோடானுக்குப் பதில் டோகெகிஸ் வரும். அதே ஆட்டத்தில், எடெர்னா நகரில் அவர் நமக்கு ஒரு முட்டை கொடுப்பார். பொரித்தால் டோகெபி. அதை அன்பாக வளர்த்துக் கடைசிவரை கொண்டுபோனால், லீக் உச்சியில் அவருடைய டோகெகிஸும் நம்முடையதும் எதிரெதிரே நிற்கும். அந்தச் சண்டையை ஒரு தடவையாவது அப்படி ஆடிப் பாருங்கள்.

* * *

சிந்தியா பற்றி எழுதியவருக்கு நன்றி. அந்த ஆட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சாம்பியனுக்கு இரண்டு அறை முன்னால் ஃப்ளின்ட் நிற்பார். சாம்பியனுக்கு முன்னால் மோதவேண்டிய நால்வரான எலைட் ஃபோரில் நெருப்புக்காரர். சிவப்புச் சுருட்டை முடி, மஞ்சள் சட்டை, பேச்செல்லாம் கொதிப்பு. டயமண்ட், பேர்லில் அவருடைய டீம்: ராபிடாஷ், இன்ஃபெர்னேப், ஸ்டீலிக்ஸ், லோபனி, ட்ரிஃப்ளிம். ஐந்தில் இரண்டுதான் நெருப்பு! காரணம் எளிது. அப்போதைய சினோ பட்டியலில் இருந்த நெருப்புக் குடும்பங்களே இரண்டு, போனிட்டாவும் சிம்சாரும். வேறு வழியில்லாமல் மற்றவற்றுக்கு நெருப்பு மூவ்களைச் சொல்லிக்கொடுத்து நிற்கவைத்துவிட்டார்கள். இரும்புப் பாம்பு நெருப்புப் பல்லால் கடிக்கிறது, முயல் நெருப்புக் குத்து விடுகிறது.

முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை, இப்போதும் முழுக்கப் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எது கையில் கிடைத்தாலும் அதைப் பற்றவைத்துவிடுகிற மனிதன் என்று எடுத்துக்கொண்டால் ஃப்ளின்ட் எனக்கு இன்னும் நெருக்கமாகிறார். பிளாட்டினத்தில் ஹவுண்டூம், ஃப்ளேரியான், மாக்மார்ட்டர் என்று முறையான டீம் கொடுத்தார்கள். சண்டை கடினமானது. ஆளோ எல்லா நெருப்பு ட்ரெய்னர்களையும் போல ஆகிவிட்டார்.

லான்ஸுக்கும் இதே நெருக்கடிதான். 1996இல் வந்த முதல் ஆட்டங்களில் மொத்தமே மூன்று டிராகன்கள்: டிராட்டினி, டிராகனேர், டிராகனைட். அதனால் கயாரடாஸையும் ஆரோடாக்டிலையும் சேர்த்தார்கள். டைப் டிராகன் இல்லைதான், ஆனாலும் பார்த்தவர் எவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அது நல்ல தேர்வு. கோல்ட், சில்வரில் அவருக்கு மூன்று டிராகனைட் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிராகனேர் 55இல்தான் மாறும், அவருடையவை 47, 47, 50. கெட்சிஸிடம் இது வதையாகத் தெரிகிறது என்று முதல் பதிவில் எழுதியிருந்தது சரியான பார்வை. ஆனால் அன்பையும் நம்பிக்கையையும் பற்றி ஒரு பையனுக்குப் பாடம் சொன்னவரிடமும் அதே விதிமீறல் இருக்கிறதே. அங்கே அது கதாபாத்திரத்தையே அரிக்கிறது.

* * *

புதிய ஆட்டங்களிலிருந்து ஒன்று. ஸ்கார்லெட், வயலட்டில் வரும் ஆர்வென். சமையல்காரப் பையன், சாண்ட்விச் செய்வதில் கில்லாடி. கடைசிச் சண்டையில் அவனிடம் இருப்பவை: க்ரீடெண்ட், க்ளோய்ஸ்டர், ஸ்கோவில்லன், டோட்ஸ்க்ரூயல், கார்கனாக்கிள், மபோஸ்டிஃப். வரிசையாகப் பாருங்கள்: தீனி சேர்த்துவைக்கும் அணில், சிப்பி, மிளகாய், காளான், உப்பு. சமையலறை அலமாரியைத் திறந்தது போல இருக்கிறது! டைப் என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆள் என்று பார்த்தால் எல்லாம் சம்பந்தம்.

ஆறாவதாக நிற்கும் மபோஸ்டிஃப் மட்டும் சமையல் பொருள் இல்லை. அது அவனுடைய நாய். படுத்த படுக்கையாகக் கிடந்த அதைக் குணமாக்கத்தான் அவன் நம்மையும் கூட்டிக்கொண்டு மூலிகை தேடி அலைகிறான். சமைத்ததெல்லாம் அதற்காக. அது எழுந்து வந்து டீமில் கடைசி ஆளாக நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதை எதிர்த்து மூவ் தேர்வு செய்யவே மனம் வரவில்லை.

அதே ஆட்டத்தின் லாரியையும் விடக்கூடாது. அலுவலக ஊழியர். ஜிம் என்ற சண்டைக்கூடத்தில் நார்மல் டைப், எலைட் ஃபோரில் மேலிடம் சொன்னதால் ஃப்ளையிங் டைப். இரண்டு வேலைக்கும் அவர் கொண்டுபோவது ஒரே ஸ்டாராப்டர். அது நார்மலும் ஃப்ளையிங்கும் சேர்ந்தது. ஒரே சட்டையில் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிற மனிதர் என்பது அதிலேயே வந்துவிட்டது.

* * *

எல்லாரும் ஆட்டத்தில் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள். நான் நாங்களே டீம் அமைத்த அனுபவத்தை எழுதுகிறேன். சண்டையே போடாத கதாபாத்திரங்களுக்கு டீம் யோசிப்பது எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பழக்கம். அதில் அதிகம் விவாதித்தது ஹோயென் நாட்டின் ப்ரைனி தாத்தா பற்றி. ரூபி, சஃபயர் ஆடியவர்களுக்குத் தெரியும்: ஓய்வுபெற்ற மாலுமி, 104ஆம் பாதையில் கடலோரக் குடிசை, செல்லமாக பீக்கோ என்ற விங்கல். அதைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போக, நாம் மீட்டுக் கொடுத்தால் படகில் ஏற்றிக்கொள்வார்.

முதலில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது பெலிப்பர், கயாரடாஸ், வெய்லார்ட். மாலுமி, கடல், பெரிய மீன். நான் மறுத்தேன். அது தொழிலுக்குப் போடும் டீம், அவருக்குப் போடும் டீம் ஆகாது. விங்கல் 25ஆம் லெவலில் பெலிப்பர் ஆகிவிடும். ஆனால் பீக்கோ இன்னும் விங்கல்தான். அப்படியென்றால் அவர் அதைச் சண்டைக்கே விட்டதில்லை. வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடுகிற பறவையை அவர் ஏன் லெவல் ஏற்றப்போகிறார்? அதனால் எங்கள் டீமில் பீக்கோ இருந்தது, ஆனால் கீழ் லெவலில், களத்துக்கு அனுப்பாமல் தோளில்.

சண்டைக்கு யார் என்றால் டென்டாக்ரூயல். ஹோயென் கடலில் எங்கே போனாலும் அதன் குட்டி டென்டகூல் கூட்டம்தான், படகோட்டிக்குத் தீராத தொல்லை. அத்தனை வருடம் மல்லுக்கு நின்றதில் ஒன்று அவரோடேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டோம். விரோதத்தில் ஆரம்பித்த உறவு அது. அப்புறம் ஒரு வெய்ல்மர், படகுக்குப் பின்னால் தானே நீந்தி வருவது. அதன் அடுத்த வடிவமான வெய்லார்ட் வேண்டாம், அது படகைவிடப் பெரிதாக இருந்தால் படகுக்கு என்ன மரியாதை?

மூன்றோடு நிறுத்திவிட்டோம். ஆறு இடமும் நிரம்பவேண்டும் என்ற எண்ணம்தான் பெரும்பாலான டீம்களைக் கெடுக்கிறது. நான்காவதிலிருந்து நாம் ஆளை மறந்துவிட்டு டைப் சமநிலை பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். ஒரு நண்பர் மட்டும் ரெலிகான்த் வேண்டும் என்று இன்றுவரை விடாமல் கேட்கிறார். கடலடியில் மாறாமல் கிடக்கும் பழைய மீன், வயதானவருக்குப் பொருந்தும் என்பது அவர் வாதம். ஆழத்தில் முங்கினால்தான் அது கிடைக்கும், இவரோ நீர்மட்டத்தில் படகு ஓட்டியவர், எப்போது சந்தித்திருப்பார் என்பது என் வாதம். வலையில் ஏதாவது ஒரு புயல் நாளில் சிக்கியிருக்கலாம் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?