புதுப்பிப்பு: ஊசல் உருவகப்படுத்தலுக்கு எந்தக் கருவி?

ஊசலை மாணவர்களே இழுத்துவிட்டு அலைவுக்காலத்தை அளக்கும்படியான உருவகப்படுத்தலை எதில் உருவாக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பரிந்துரைகள் குவிந்தன, நன்றி.

பல தனி உறுப்பினர்களின் நடத்தையை உருவகப்படுத்தும் மென்பொருளான நெட்லோகோ இதற்கு ஒத்துவரவில்லை. எறும்புக் கூட்டம், நோய்ப்பரவல் போன்றவற்றில்தான் அதன் பலம். கணித வரைபட மென்பொருளான ஜியோஜீப்ராவும் நல்ல தேர்வுதான், ஆனாலும் கணக்கீடு முழுவதும் என் கையில் இருக்கட்டும் என்று பி5.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தில் எழுதினேன்.

இயக்கத்தைச் சிறுசிறு நேரத் துண்டுகளாகக் கணக்கிடும் எளிய வழியான ஆய்லர் முறையில் ஊசலின் வீச்சு தானாகவே பெருகிக்கொண்டே போனது, யாரோ ஒளிந்திருந்து தள்ளிவிடுவது போல! முடுக்கத்தைக் கணக்கிட்டதும் முதலில் கோணத் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய மதிப்பைக் கொண்டே கோணத்தை மாற்ற வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், வீச்சு நிலைத்துவிட்டது. இன்னும் துல்லியம் வேண்டுவோர் ஈஸி ஜாவா சிமுலேஷன்ஸ் என்ற உருவகப்படுத்தல் மென்பொருளில் ரங்கே-குட்டா என்ற நுட்பமான கணக்கீட்டு முறையைப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்கலாம்.

90 டிகிரி வரை இழுக்க விட்டிருக்கிறேன். அங்கே அலைவுக்காலம் சிறு கோணங்களுக்கான பாடநூல் சூத்திரம் தருவதைவிடச் சுமார் 18 சதவீதம் அதிகம். அதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று சூத்திரத்தைத் திரையில் காட்டவில்லை.

தொடுதிரையில் விரல் ஊசலின் குண்டை மறைப்பதுதான் பாக்கியுள்ள தலைவலி. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.