முன்வரிசையில் யார் யார்

(குடும்ப வாட்ஸ்அப் குழு, சனிக்கிழமை இரவு)

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். தாத்தா பாட்டியின் 60-ஆம் திருமண ஆண்டு நன்றித் திருப்பலி அடுத்த ஞாயிறு காலை. முதல் வாசகம் ஜான். பதிலுரைப் பாடல் கவிதா. மன்றாட்டு அருள். காணிக்கைப் பவனிக்கு நாலு பேர் வேண்டும், சாமியார் பெயர் கேட்கிறார். முன்வரிசையில் குடும்பத்தார் மட்டும்.

லூர்து மாமா: மச்சான், அருள் அந்தப் பையனையும் கூட்டி வருகிறானாமே?

ஸ்டெல்லா சித்தி: நானும் கேள்விப்பட்டேன். மனசே சரியில்லை. இரண்டு பேரும் ஜோடியாக முன்னால் உட்கார்ந்தால் கோயிலே திரும்பிப் பார்க்கும். ரோசி மதினி எப்படித்தான் தாங்குகிறாரோ.

லூர்து மாமா: அருளை மட்டும் வரச் சொல்லிவிடலாம். பக்குவமாக யாராவது பேசுங்கள். அவன் மனம் நோகக் கூடாது.

கவிதா: மாமா, சித்தி, அருள் இந்தக் குழுவில்தான் இருக்கிறான்.

ஸ்டெல்லா சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஜான் அண்ணன்: சித்தி, நீக்க வேண்டியது அதற்கு மேலே உள்ளது 😄

ஜான் அண்ணன்: போப் பிரான்சிஸே ஏற்றுக்கொண்டார். ஒரே பாலினத் தம்பதியை ஆசீர்வதிக்கலாம் என்று வத்திக்கானே சொன்ன பிறகு நாம் யார்?

பெரியப்பா: ஜான், அரைகுறையாகச் சொல்லாதே. அந்த ஆவணத்தை நான் முழுக்கப் படித்தேன். ஃபிடூசியா சுப்ளிக்கான்ஸ், 2023 டிசம்பர் 18. குருவானவர் ஆசீர்வதிக்கலாம் என்று இருப்பது உண்மை. ஆனால் அது கல்யாணச் சடங்கு போல இருக்கக் கூடாது, கல்யாண உடுப்பு கூடாது, பதிவுத் திருமணத்தோடு சேர்த்துச் செய்யக் கூடாது, அதற்கென்று தனி வழிபாட்டு முறை எழுதக் கூடாது. அடுத்த மாதமே விளக்கமும் கொடுத்தார்கள்: பத்துப் பதினைந்து விநாடிச் செபம், அவ்வளவுதான். திருமணம் பற்றிய போதனையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஜான் அண்ணன்: அப்பா, அந்த ஆவணத்தை வெளியிட்ட அதே வத்திக்கான் அலுவலகம் 2021 மார்ச்சில் 'பாவத்தைக் கடவுள் ஆசீர்வதிக்க முடியாது' என்று சொல்லி இதையே மறுத்தது. மூன்று வருடம்கூட ஆகவில்லை, சரி என்றார்கள். இதற்குப் பெயர் மாறவில்லை என்பதா?

பெரியப்பா: வருகிற ஆட்களை ஆசீர்வதிப்பது வேறு, அந்த உறவுக்கு முத்திரை குத்துவது வேறு என்கிறார்கள். அந்த விளக்கமே போதாது என்று 2024 ஜனவரியில் ஆப்பிரிக்க ஆயர்கள் நாங்கள் செய்யமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். திருச்சபைக்குள்ளேயே இந்த இழுபறி இருக்கிறது. அதை மறைத்துப் பேசாதே.

லூர்து மாமா: மச்சான், இங்கே ஆசீர்வாதம் யார் கேட்டது? எங்கே உட்காருவது என்பதுதானே பிரச்சினை.

கவிதா: அதைத்தான் மாமா நானும் கேட்க நினைத்தேன். கோயிலில் உட்காருவதற்கு எந்த ஆவணமும் தடை போடவில்லையே.

ஸ்டெல்லா சித்தி: ஆவணம் கிடக்கட்டும். கர்த்தருடைய வார்த்தை மாறாது. ஆதியாகமம் 19, கர்த்தர் அழித்த சோதோம் கொமோரா. இந்த உறவு கூடாது என்று லேவியராகமம் 18:22. ரோமர் 1:26, 27. எல்லாரும் திறந்து வாசியுங்கள்.

கவிதா: வாசித்தேன் சித்தி. எசேக்கியேல் 16:49-ஐயும் வாசியுங்கள். சோதோமின் குற்றம் என்ன என்று அங்கே பட்டியலே இருக்கிறது. கர்வம், நிறையத் தின்றது, ஏழைக்குக் கை கொடுக்காதது.

ஸ்டெல்லா சித்தி: அடுத்த வசனத்தில் 'அருவருப்பு' என்று இருப்பதை ஏன் விட்டுவிட்டாய்? யூதா 7-இல் விபசாரம் என்று தெளிவாகவே இருக்கிறது.

கவிதா: சரி, லேவியராகமத்துக்கு வருவோம். அடுத்த அதிகாரம் 19:19, இரண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக் கூடாது. போன ஈஸ்டருக்கு நீங்கள் கட்டிய சேலை காட்டன் பாலியஸ்டர் கலப்பு 🙈

பெரியப்பா: கவிதா, இது நல்ல வாதம் இல்லை. திருத்தூதர் பணிகள் 15 பார். பிற இனத்திலிருந்து வந்தவர்கள் மேல் மோசேயின் சட்டம் முழுவதையும் சுமத்தவில்லை, ஆனால் பாலியல் ஒழுக்கத்தை விட்டுவிடவும் இல்லை. துணியும் இதுவும் ஒன்று என்று சொல்லி ஸ்டெல்லாவை மடக்க முடியாது.

கவிதா: சரி பெரியப்பா 😐

ஜான் அண்ணன்: மாமா, உங்களுக்கும் ஒரு வசனம் இருக்கிறது. எசேக்கியேல் 18:13. வட்டிக்குக் கொடுத்து லாபம் வாங்குகிறவன் பிழைப்பதில்லை என்று போட்டிருக்கிறது. போன வருடம் புது மணிக்குக் காணிக்கை கொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்தீர்களே, யாராவது திரும்பிப் பார்த்தார்களா?

லூர்து மாமா: அது தொழில்.

லூர்து மாமா: இரண்டும் ஒன்றா?

ஸ்டெல்லா சித்தி: கேலி வேண்டாம். எந்தச் சபை இதைச் சரி என்று சொல்கிறது?

ஜான் அண்ணன்: ஐக்கிய மெதடிஸ்ட் சபை. கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-இல் எழுதிவைத்ததை 2024 மே மாதம் எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா: அதற்குள் அமெரிக்காவில் அவர்களுடைய கோயில்களில் ஏறக்குறைய கால்வாசி பிரிந்து போய்விட்டது. அதையும் சேர்த்துச் சொல்.

லூர்து மாமா: சட்டம் என்ன சொல்கிறது? அது குற்றம்தானே?

கவிதா: இல்லை மாமா. இந்தியத் தண்டனைச் சட்டம் 377-ஆவது பிரிவில் இருந்த அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் எடுத்துவிட்டது. கல்யாண உரிமை கேட்ட வழக்கில்தான் 2023 அக்டோபரில் கொடுக்க முடியாது என்றார்கள்.

ஸ்டெல்லா சித்தி: சட்டம் வேறு, ஆத்துமா வேறு. நான் அவனை வெறுக்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கள் பாஸ்டர் விடுதலை ஜெபம் நடத்துகிறார். உபவாசக் கூடுகையில் இப்படி இருந்த ஒரு பையன் முழுக்க மாறி, கல்யாணமாகி, குழந்தையும் இருக்கிறது. அருளை ஒரு தடவை அனுப்பச் சொல்லுங்கள் அத்தான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

பெரியப்பா: அனுப்பமாட்டேன்.

ஸ்டெல்லா சித்தி: ஏன் அத்தான், ஜெபத்தில் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?

பெரியப்பா: செபத்தில் இருக்கிறது. இதில் இல்லை. நோயே இல்லாததற்கு வைத்தியம் செய்வது இது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்காவில் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்று ஓர் அமைப்பு, செபத்தால் மாற்றுகிறோம் என்று பல வருடம் நடத்தியது. 2013-இல் தலைவரே மன்னிப்புக் கேட்டுக் கடையை மூடினார். மாறிய பையனைப் பற்றிச் சொல்கிறாய். அவன் மனைவியிடம் யாராவது கேட்டார்களா?

கவிதா: சென்னை உயர் நீதிமன்றமும் 2021 ஜூனில் இந்த 'மாற்றும் சிகிச்சை'யைத் தடை செய்யச் சொன்னது. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் எழுதினார். நம் குடும்பத்தில் யாராவது அருளிடம் அப்படி உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா?

அருள்: நான் இருக்கிறேன். முதலிலிருந்து படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அருள்: ஸ்டெல்லா அத்தை, ஜெபத்துக்கு அனுப்பச் சொன்னீர்கள். ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. போன வருடம் உங்கள் ஜெபக் குழுவில் என் பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் போட்டு 'இந்தத் தம்பியின் விடுதலைக்காக' என்று ஒரு ஜெபக் குறிப்பு வந்தது. கூடவே சின்ன வயதில் முதல் நற்கருணை வாங்கிய அன்று எடுத்த என் புதுநன்மைப் படம். வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவர்த்தி, முன்பல் இரண்டும் இல்லை. அது கை மாறி மாறி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. பக்கத்துப் பிரிவில் வேலை பார்ப்பவர் லிஃப்டில் என் தோளில் கை வைத்து, 'தம்பி, உனக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்' என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த லிஃப்டில் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அப்புறம் கொஞ்ச நாள் மாடிப்படியில்தான் ஏறிப் போனேன்.

ஜான் அண்ணன்: சித்தி 😶

ஸ்டெல்லா சித்தி: ஜெபக் குழுவை விட்டு வெளியே போகும் என்று நான் நினைக்கவில்லை. பாரத்தோடு கேட்டேன். தப்பான எண்ணம் எதுவும் இல்லை. கர்த்தருக்குத் தெரியும்.

லூர்து மாமா: பெயரைப் போட்டது சரி, படத்தை எதற்குப் போட்டாய்?

ரோசி அத்தை: படம் நான் கொடுத்தது.

ரோசி அத்தை: முகம் பார்த்து ஜெபித்தால் நல்லது என்று ஸ்டெல்லா கேட்டாள். ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அருள்: தெரியும் அம்மா. அந்தப் படம் வேறு யாரிடமும் இல்லை.

பெரியப்பா: அருள், நீ என்ன நினைக்கிறாய் என்று நேராகச் சொல்.

அருள்: திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடு எண் 2357 என்னைப் பற்றி என்ன சொல்கிறது என்று தெரியும் பெரிய மாமா. எனக்குப் பதினாறு வயதில் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறேன். இயல்புக்கு மாறான ஒழுங்கீனம் என்பதை இப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ஞாயிறு பூசையை விடவில்லை. கோயிலுக்குப் போகிறவனுக்கு இது எப்படி என்று அங்கே கேட்கிறார்கள். இப்படி இருக்கிறவனுக்குக் கோயில் எதற்கு என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னிடம் ராஜினாமாக் கடிதம்தான் கேட்கிறது.

அருள்: நவீன் இந்து. அவன் வீட்டுப் பூஜை அறையில் அர்த்தநாரீசுவரர் படம் இருக்கிறது. அவனைத்தான் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் இது நம் வேதத்தில் மட்டும் உள்ள சிக்கல் என்று நான் நினைக்கவில்லை.

அருள்: ஆசீர்வாதம் கேட்டு வரவில்லை. தாத்தா பாட்டிக்கு நன்றிப் பூசை, நான் பேரன், வருகிறேன். நவீன் பின்வரிசை என்றால் நானும் பின்வரிசை. மன்றாட்டை வேறு யாரிடமாவது கொடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை.

லூர்து மாமா: தம்பி, உன்னை யாரும் பின்னால் போகச் சொல்லவில்லை. ஊர் வாய்தான்...

ஜான் அண்ணன்: இதோ வந்துவிட்டது. ஆதியாகமத்தில் ஆரம்பித்து ஊர் வாயில் வந்து நிற்கிறோம்.

ஸ்டெல்லா சித்தி: என்னை அதில் சேர்க்காதே ஜான். எனக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை. பாவம் என்று நம்புகிறேன், அதனால் சொல்கிறேன்.

கவிதா: அது உண்மைதான், சித்தி ஊருக்குப் பயந்து எதுவும் செய்ததில்லை.

பெரியப்பா: சரி, நான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் என் நம்பிக்கை மாறவில்லை, மாறும் என்றும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இத்தனை வருடம் மறைக்கல்வி வகுப்பில் திருமணம் பற்றி எதைச் சொல்லிக்கொடுத்தேனோ அதையே இனியும் சொல்வேன். ஆனால் அருள் சொன்ன 2357-க்கு அடுத்து 2358 இருக்கிறது. மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை, அதுவும் போதனைதான். மறைந்த திருத்தந்தை 2023 ஜனவரியில் ஒரு பேட்டியில் இது குற்றம் இல்லை என்றார். பாவம்தானே என்பார்கள், சரி, ஒருவருக்கொருவர் அன்பில்லாமல் நடப்பதும் பாவம்தான் என்றும் அதே மூச்சில் சொன்னார். முதல் பாதியை ஜான் பிடித்துக்கொள்கிறான், நடுவில் உள்ளதை ஸ்டெல்லா பிடித்துக்கொள்கிறாள்.

பெரியப்பா: காணிக்கைப் பவனியில் இரண்டு பேரையும் ஜோடியாக நடக்கவிடமாட்டேன். அது என் மனசாட்சி. முன்வரிசையில் உட்காரலாம். நற்கருணை விஷயம் அருளுக்கும் ஆண்டவருக்கும் அவன் பாவசங்கீர்த்தனம் செய்யும் சாமியாருக்கும் இடையில். நான் வரிசையில் நின்று ஆள் பார்க்கமாட்டேன், இங்கே யாரும் பார்க்கக் கூடாது.

அருள்: காணிக்கை பற்றிச் சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு மாமா. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றது சரி. மன்றாட்டு நானே வாசிக்கிறேன்.

லூர்து மாமா: பூசை முடிந்து குடும்பப் படம் எடுப்பார்களே, அதில்?

ரோசி அத்தை: நவீனுக்கு என் பக்கத்தில் இடம் போட்டுவிடு அண்ணா. படத்திலும் அப்படியே.

ஸ்டெல்லா சித்தி: நான் இரண்டாவது வரிசையில் உட்காருகிறேன். யார் மேலும் கோபமில்லை. மனம் வரவில்லை, நடிக்க முடியாது. ஜெபிப்பதை நிறுத்தமாட்டேன் அருள்.

அருள்: ஜெபியுங்கள் அத்தை. பெயர் போடாமல். அந்தப் பழைய குறிப்பை நீக்கவும் சொல்லுங்கள்.

ஸ்டெல்லா சித்தி: அட்மினிடம் சொல்கிறேன்.

பெரியப்பா: அருள், நவீன் ஞானஸ்நானம் வாங்காதவன் என்றால் நற்கருணைக்கு எழுந்து வர வேண்டாம் என்று சொல்லிவை. யாருக்கும் உள்ள விதிதான். தெரியாமல் வந்து நின்றுவிடப் போகிறான்.

அருள்: அவனுக்குத் தெரியும் மாமா. பல வருடமாக என்னோடு பூசைக்கு வருகிறான். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது எல்லாம் அத்துப்படி.

லூர்து மாமா: அடேயப்பா. என் மருமகனுக்கே இன்னும் தெரியாது.

அருள்: பாட்டும் பாடுவான். என்னைவிட நன்றாக.

கவிதா: பெரியப்பா, பதிலுரைப் பாடலுக்கு ஆண் குரல் ஒன்று குறைகிறது 🙋

பெரியப்பா: கவிதா, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். காணிக்கைக்கு நாலு பேர் கேட்டேன், இன்னும் ஒரு பெயர்கூட வரவில்லை.