டோஃபல் 61 வாங்கியாச்சு, அப்புறம்? கம்யூனிட்டி காலேஜ் ஆங்கிலத் தகுதி பற்றி நம் அனுபவங்கள்

விருதுநகர்க்காரன்:

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜுக்கு (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம்) எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வர நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, டோஃபல் எவ்வளவு வேண்டும்?" இந்த ஆங்கிலத் தேர்வில் இங்கே பல காலேஜ்கள் கேட்பது 120-க்கு 61. பல்கலைக்கழகங்கள் கேட்கும் 80, 100 எல்லாம் பார்த்து மிரண்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் 61 உங்களுக்கு ஐ-20 (விசாவுக்குக் காலேஜ் தரும் சேர்க்கைப் படிவம்) வாங்கித் தரும், அவ்வளவுதான். வந்த பிறகு எந்த ஆங்கில வகுப்பில் தொடங்குகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பணமும் காலமும் இருக்கிறது. ஊரில் கோச்சிங் சென்டர்களில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் இந்தத் திரி. உங்கள் கதையையும் எழுதுங்கள்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. சான் ஹோசே பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்தேன். வகுப்பு தொடங்கும் முன்பே கவுன்சிலர் ஓர் ஆன்லைன் படிவம் அனுப்பினார். ஒவ்வொரு நிலை ஆங்கில வகுப்பிலும் என்ன படிக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று அதில் மாதிரி கொடுத்திருந்தார்கள். படித்துப் பார்த்து, எந்த வகுப்பு சரிவரும் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். கைடட் செல்ஃப் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். முன்பெல்லாம் பிளேஸ்மென்ட் டெஸ்ட் உண்டு. அதில் மார்க் குறைந்தால் கீழ்நிலை வகுப்புகளிலேயே பல செமஸ்டர் ஓடிவிடும். 2017-ல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டம் இதை மாற்றியது. இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு) மாணவர்கள் மூன்று வருடத்துக்குள்ளும், மற்ற மாணவர்கள் ஒரு வருடத்துக்குள்ளும் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ஆங்கில வகுப்பை முடிக்க காலேஜ் வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

நான் இஎஸ்எல்-லின் மேல்நிலை வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு வந்த ஹைதராபாத் நண்பன் நேராக முதலாண்டு ஆங்கிலத்துக்குப் போனான் (இங்கிலிஷ் 1ஏ என்பார்கள், 2025 இலையுதிர் பருவத்திலிருந்து மாநிலம் முழுக்க இங்கிலிஷ் சி1000). அவனுக்கு ஒரு செமஸ்டர் மிச்சம், எனக்கு ஒரு செமஸ்டர் செலவு. மாநிலத்தவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். நமக்கு 300-க்கு மேல். ஐந்து யூனிட் வகுப்பு என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா போனில் "இங்கிலீஷ் படிக்கவா அமெரிக்கா போனே?" என்று கேட்டார்.

இருந்தாலும் அந்த வகுப்பு எனக்குத் தேவைப்பட்டது என்றுதான் இன்றும் சொல்வேன். நம் ஸ்டேட் போர்டில் கட்டுரை என்றால் கோனார் உரையில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதுவது. இங்கே ஒரு கட்டுரையைக் கொடுத்து, "ஆசிரியர் சொல்வதில் உனக்கு எங்கே உடன்பாடில்லை? ஏன்?" என்று கேட்டார்கள். அச்சில் வந்ததை மறுத்துப் பேசலாம் என்பதே எனக்குப் புதிது. ஒரு கருத்தை முன்வைத்து, அதற்கு ஆதாரம் காட்டி, யார் சொன்னது என்று எம்எல்ஏ என்ற மேற்கோள் முறையில் குறிப்பிட்டு எழுத அந்த இஎஸ்எல் டீச்சர்தான் கற்றுத் தந்தார். ஒரே கட்டுரையை மூன்று முறை திருப்பி எழுதச் சொல்வார். கோபமாக வரும். மூன்றாவது முறை படித்தால் அது நான் எழுதியதுதானா என்று இருக்கும்.

நண்பன் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவான். ஆனால் முதல் கட்டுரையிலேயே வேறொருவர் எழுதியதிலிருந்து இரண்டு பத்தியை மேற்கோள் குறி இல்லாமல் போட்டுவிட்டான். அவன் படித்த பள்ளியில் அது தப்பே இல்லை. இங்கே அதற்கு பிளேஜியரிசம் என்று பெயர். பேராசிரியர் கூப்பிட்டு விளக்கி, திரும்ப எழுத விட்டார். எல்லாரும் அப்படி விட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். யூசி-க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) டிரான்ஸ்ஃபர் ஆகும்போது, யூசி ஏற்கும் ஆங்கிலக் கட்டுரை வகுப்புகள் இரண்டை 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கி முடித்திருந்தால் திரும்ப டோஃபல் எழுத வேண்டியதில்லை. இஎஸ்எல் வகுப்புகள் அந்த இரண்டில் சேராது. டிரான்ஸ்ஃபர் திட்டம் போடும்போதே இதையும் கணக்கில் எடுங்கள்.

யாழ் மாணவி:

அண்ணா, என் அனுபவம் வாஷிங்டன் மாநிலத்தில். இங்கே சில காலேஜ்கள் டோஃபலே கேட்பதில்லை என்று ஏஜென்ட் சொன்னார். அது உண்மைதான். ஆனால் வந்து இறங்கினதும் ஒரு சோதனை வைத்து, என்னை இன்டென்சிவ் இங்கிலிஷில் போட்டார்கள். மொழி வகுப்பில் இருக்கும் எஃப்-1 மாணவர் வாரத்துக்கு 18 மணித்தியாலம் வகுப்பில் இருக்க வேண்டும். ஆன்லைன் வகுப்பு கணக்கில் வராது. அந்தக் குவார்ட்டர்களில் எடுத்தது ஒன்றும் என் டிகிரியில் சேரவில்லை. கொழும்பிலேயே காசு கட்டி ஐஇஎல்டிஎஸ் எழுதியிருந்தால் அதைவிட எவ்வளவோ குறைவாக முடிந்திருக்கும். டோஃபல் தேவையில்லை என்று யாராவது சொன்னால், "அப்ப எந்த வகுப்பில் தொடங்குவேன்?" என்று கட்டாயம் கேளுங்கோ.

எங்கட ஆக்களுக்கு ஒன்று: ஓ/எல் (இலங்கையின் சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலப் பெறுபேற்றை ஒரு காலேஜ் ஏற்றுக்கொண்டது, பக்கத்துக் காலேஜ் மறுத்தது. ஒவ்வொன்றிடமும் தனித்தனியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஃப்ரீமான்ட் அம்மா:

எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி. மகள் எட்டாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள். 21 வயது ஆகப்போகிறது, எச்-4 (எச்-1பி விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) முடிகிறது, எஃப்-1-க்கு மாற வேண்டும். காலேஜின் விண்ணப்பத்தில் பிறந்த நாடு இந்தியா என்று போட்டதும் ஆங்கிலத் தகுதிச் சான்று கேட்டது. வீட்டில் தம்பியோடு சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தான், அவளுக்கு எதற்கு டோஃபல் என்று எனக்கு ஆற்றாமை. அப்புறம் இன்டர்நேஷனல் ஆஃபீசுக்கு அவளுடைய ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பிக் கேட்டோம். அமெரிக்கப் பள்ளியில் படித்ததே போதும் என்று விலக்குக் கொடுத்தார்கள். இதே நிலையில் இருப்பவர்கள் டெஸ்டுக்குப் பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸ் மாற்றத்துக்கே நாள் நெருக்கும். இதற்கு வேறு தேதி தேடி அலைய வேண்டாம்.

புதியவன்:

அண்ணா, நான் சிபிஎஸ்இ, ஆங்கில வழி. பள்ளியில் பயிற்றுமொழிச் சான்றிதழ் வாங்கினால் போதுமா? இல்லை டூயோலிங்கோ எழுதட்டுமா?

விருதுநகர்க்காரன்:

தம்பி, சான்றிதழை ஏற்கும் காலேஜும் உண்டு, ஏற்காத காலேஜும் உண்டு. விலக்குப் பட்டியலில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இருக்கும், இந்தியா பெரும்பாலும் இருக்காது. நம் பிள்ளைகள் எல்கேஜியிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர்களாக இருந்தாலும் அப்படித்தான். இது நியாயமில்லை என்பது என் கருத்து, ஆனால் விதி அவர்களுடையது. டூயோலிங்கோவை இப்போது நிறைய காலேஜ்கள் ஏற்கின்றன. வீட்டிலிருந்தே எழுதலாம், டோஃபலைவிடச் செலவும் குறைவு. டோஃபல்தான் என்றால், 2026 ஜனவரியிலிருந்து மதிப்பெண் 1 முதல் 6 வரை என்ற புது அளவில் வருகிறது. பழைய 120 அளவுக்கு ஈடான எண்ணும் கூடவே இருக்கும். டோஃபல், ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம்தான் ஆயுள்.

ஆங்கில வழியில் படித்து, பாடப்புத்தகம் தாண்டியும் வாசிக்கிற பழக்கம் இருந்தால், நீ நேராக முதலாண்டு ஆங்கிலமே எடுக்கலாம். கூடவே ஒரு சப்போர்ட் வகுப்பு இருந்தால் அதையும் சேர்த்து எடு. ரைட்டிங் சென்டரில் இலவசமாக உதவுவார்கள். முதல் கட்டுரைக்கே போ. விசா இன்டர்வியூவில் "ஏன் கம்யூனிட்டி காலேஜ்?" என்று கேட்பார்கள். மனப்பாட பதில் வேண்டாம். இரண்டு வருடம் இங்கே, பிறகு எங்கே, என்ன படிப்பு, யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை உன் சொந்த வாக்கியத்தில் சொல்லிப் பழகு. எந்தெந்த காலேஜ் பார்க்கிறாய் என்று எழுது. அங்கே படித்தவர்கள் யாராவது இங்கே இருப்பார்கள்.