யாழினி காலேஜ் விஷயம் (குழு: குடியாத்தத்தார் வீடு, பெங்களூர்)

லதா: யாழினிக்கு இரண்டு காலேஜிலும் சீட் வந்துவிட்டது. ஒன்று பி.காம்., இன்னொன்று பி.ஏ. வரலாறு. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பணம் கட்ட வேண்டும். இவள் வரலாறுதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர் வாயே திறக்கவில்லை. பெரியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

குமார்: பி.காம்.

செல்வி: பி.காம். கண்ணை மூடிக்கொண்டு.

கார்த்தி: ஏன் அத்தை, கண்ணைத் திறந்தே சேரட்டுமே 😄

செல்வி: நீ சும்மா இரு. முருகேசன் மாமா வரலாறு எம்.ஏ. கடைசிவரை சீட்டுக் கம்பெனியில் கணக்குதான் எழுதினார்.

குமார்: அதையும் தப்பாக எழுதினார்.

நடராஜன்: யாரும் அவசரப்பட வேண்டாம். விஷயம் தெரிந்து பேச வேண்டும். பெங்களூர் என்றால் கெம்பேகவுடா, 1537 என்று பள்ளியில் படித்ததோடு நாம் நிறுத்திவிட்டோம். மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. செல்வி, உன் வீட்டிலிருந்து ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. தொம்லூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்தான். அதில் தொம்லூருக்கு தேசிமாணிக்கப்பட்டணம் என்று பேர். ரைஸ் என்ற வெள்ளைக்காரர் பெங்களூர் மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905லேயே புத்தகம் போட்டுவிட்டார். நான் தினமும் வாக்கிங் போகிற கோயில், வருஷக்கணக்காக அந்தக் கல்லில் சாய்ந்துதான் செருப்பு மாட்டினேன். (தொடரும்)

கார்த்தி: தொடருமா!

செல்வி: அண்ணா, சனிக்கிழமை ப்ரியா வளைகாப்பு. கலவை சாதம் யார் யார் எதைச் செய்கிறார்கள்?

லதா: புளியோதரை நான், அண்ணி.

செல்வி: எலுமிச்சை குமார் வீடு.

குமார்: எங்களுக்குத் தயிர்சாதம் என்று போன வாரமே முடிவாயிற்று.

செல்வி: யார் முடிவு செய்தது?

நடராஜன்: (2) கல்வெட்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, படிக்க ஆள் வேண்டும். கல்மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுப்பதற்கு மைப்படி என்று பெயர். மைசூரில் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவில் அப்படிக் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி 2021இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டது. அனுப்பினால் ஆயிற்றா? பழைய எழுத்து படித்த பிள்ளைகள் வேண்டாமா?

கார்த்தி: அப்பா, சம்பளம்?

நடராஜன்: அதை அவளைக் கேள்.

யாழினி: அண்ணா, முதலில் பி.ஏ. மூன்று வருஷம். அப்புறம் எம்.ஏ. தொல்லியலுக்குப் புனே டெக்கான் காலேஜ், இல்லையென்றால் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம். அங்கே கல்வெட்டியல், தொல்லியல் துறை இருக்கிறது. அதற்கு மேல் கிரேட்டர் நொய்டாவில் தொல்லியல் துறையே நடத்துகிற 2 வருஷப் பட்டயப் படிப்பு. எதுவும் சரிவராவிட்டால் நெட் எழுதி காலேஜில் பாடம் எடுப்பேன்.

குமார்: ஐ.ஏ.எஸ். என்று ஒரு வார்த்தை சொல். முழுப் பணத்தையும் நான் கட்டுகிறேன்.

யாழினி: அது வேண்டாம் சித்தப்பா. எனக்குக் கோலார் தங்கவயல் பற்றிப் படிக்க வேண்டும்.

குமார்: அங்கே என்ன இருக்கிறது? தங்கம் பிரித்துக் கொட்டின சயனைடு மண்மேடு.

யாழினி: நம் கொள்ளுத்தாத்தா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர்தானே. 1930இல் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி சொன்னதும் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அதில் அவரும் இருந்தார் என்று ஆயா சொல்கிறது. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். கேட்டு எழுதலாம் என்றால் ஆயா வயசு ஆட்களே நாலு பேர்தான் மிச்சம். அவருடைய கூலிப் புத்தகமெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருந்ததாமே. இப்போது யார் வீட்டில்?

கார்த்தி: 👀

செல்வி: அல்சூர் வீட்டைக் காலி செய்தபோது இருந்தது. சாவி யாரிடம் இருந்ததோ அவரைக் கேள்.

நடராஜன்: சாவி என்னிடம் இருந்தது. பழைய பேப்பர்காரனைக் கூப்பிட்டது நான் இல்லை.

குமார்: எடைக்குப் போட்ட பணத்தில் எல்லோரும் உட்கார்ந்து மசால் தோசை சாப்பிட்டோம். இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை.

செல்வி: நான் சாப்பிடவில்லை. அன்று எனக்குக் கிருத்திகை.

குமார்: தோசை வேண்டாம் என்றீர்கள். வீட்டுப் பங்கை வேண்டாம் என்றீர்களா?

லதா: ஐயோ, அந்த வீட்டுக் கதையை இங்கே இழுக்காதீர்கள். மாமா, நீங்கள் வரலாறு என்றே சொல்கிறீர்களா?

நடராஜன்: நான் யோசிக்கச் சொன்னேன். சேர்க்கச் சொல்லவில்லை.

கார்த்தி: இவ்வளவு எழுதிவிட்டு!

கார்த்தி: யாழி, அந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பரண்மேல்தான் இருக்கிறது. அம்மா கொலு பொம்மை போட்டு வைத்திருக்கிறாள். போன நவராத்திரிக்கு இறக்கினபோது அடியில் துணியில் சுற்றின ஏதோ நோட்டுகள் பார்த்தேன்.

செல்வி: ஓஹோ.

நடராஜன்: கார்த்தி, இதையெல்லாம் குழுவில் போடாதே. போன் பண்ணு.

யாழினி: பெரியப்பா, நாளைக் காலையிலேயே வருகிறேன். நான் வருகிறவரை யாரும் அதைத் தொட வேண்டாம், ப்ளீஸ்.

செல்வி: நானும் வருகிறேன்.

குமார்: எலுமிச்சை சாதம் அப்போது யார்?

சேகர்: ஆபீஸில் இருந்தேன். எல்லாம் படித்தேன். வியாழக்கிழமை உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.

லதா: இன்றைக்குத்தான் வியாழக்கிழமை.