ஒரே சனிக்கிழமையில் மூன்று பாவசங்கீர்த்தனம்: பெங்களூரில் படிக்க வந்தவர்களின் அனுபவங்கள்

முத்துநகர்ப் பையன்

பெங்களூருக்குப் படிக்க வந்த நம் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். மனசு சரியில்லாத நாட்களில் கோயிலில் யாரைச் சந்தித்தீர்கள், அவர் என்ன சொன்னார், என்ன செய்தார்? நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022-இல் இன்ஜினியரிங் சேர வந்தேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக் கிராமம். பீடச்சிறுவனாக, பூசையில் ஃபாதருக்கு உதவி செய்து வளர்ந்தவன். இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிறு காலை பல் தேய்க்கும்போது கொஞ்சம் பேஸ்ட் தொண்டைக்குள் போய்விட்டது. நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. பேஸ்டுக்கு? சிரிப்பு வருகிறதா, இப்போது எனக்கும் வருகிறது. அன்றைக்கு நெஞ்சை அடைத்தது. நோன்பை முறித்துவிட்டு நற்கருணை வாங்கினேனா, அது சாவான பாவமா (மிகக் கனமான பாவமா), அந்தப் பாவத்தோடு அடுத்த ஞாயிறும் வாங்கினால் இரட்டைப் பாவமா?

பாவசங்கீர்த்தனம் செய்தேன், அதாவது ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கினேன். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா? மனஸ்தாபம், அதாவது செய்ததற்கான வருத்தம், உண்மையாகவே வந்ததா, இல்லை வாயால் மட்டும் சொன்னேனா? அதே ஃபாதரிடம் மறுபடி போக வெட்கம். அதனால் வேறு கோயில். கன்டோன்மென்ட் பக்கம் கோயிலுக்குப் பஞ்சமா? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிரிகேட் ரோடு அருகே செயின்ட் பேட்ரிக்ஸ், அங்கிருந்து நடந்து ரிச்மண்ட் ரோடு திரு இருதய ஆலயம், அப்புறம் பஸ் பிடித்து சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா. ஒரே பாவத்துக்கு மூன்று மன்னிப்பு. இரவு பி.ஜி.க்குத் திரும்பியபோது மூன்றுமே செல்லாது என்று தோன்றியது. இப்படி ஏழு மாதம். அந்த செமஸ்டரில் நான்கு பேப்பர் போச்சு.

ஏழாவது மாதத்தில்தான் அந்த வயதான சேசு சபைச் சாமியார் கிடைத்தார். நான் சொன்னதைக் கேட்டு, மன்னிப்பும் கொடுத்துவிட்டு, "தம்பி, நீ இங்க சொன்னதை வெளியில நானாப் பேச முடியாது. உன்கிட்டகூடப் பேச முடியாது. நீயா வந்து ஆபீஸ் ரூம்ல உட்கார்ந்து மறுபடி சொன்னா, அப்ப பேசலாம்" என்றார். பாவசங்கீர்த்தன ரகசியம் அவ்வளவு கறாரானது என்று அன்றுதான் புரிந்தது. டீ வரவழைத்தார். சொன்னேன்.

அவர், சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கதையை எடுத்தார். 1522-இல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது இஞ்ஞாசியாருக்கும் இதே தொல்லை. சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்பச் சொல்வார். மிகத் தெளிவாகத் தெரியும் பாவத்தைத் தவிர பழையதைச் சொல்லாதே என்று ஆன்ம குரு கட்டளையிட்டார். இவருக்கு எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தது, அதனால் அதுவும் உதவவில்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்கு எண்ணம் போனது. இதையெல்லாம் அவரே பிற்காலத்தில் வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்திருக்கிறார்.

"நீ பாவி இல்லைன்னு சொல்ல மாட்டேன், எல்லாரும் பாவிதான். ஆனா உன்னைப் பிடிச்சிருக்கறது பாவம் இல்லை. டாக்டரைப் பாரு."

"பைத்தியம்னு சொல்றீங்களா ஃபாதர்?"

"அப்படின்னா எங்க சபையைத் தொடங்கினவரையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

பெங்களூரின் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு. ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் அது. கை கழுவிக்கொண்டே இருப்பது மட்டும்தான் ஓசிடி என்று நினைத்திருந்தேன். பக்தியின் வேஷத்திலும் அது வருமாம். மாத்திரை கொடுத்தார்கள். கூடவே ஒரு பயிற்சி: சந்தேகம் வரட்டும், ஆனால் அதைத் தீர்க்க ஓடாதே, அது தானாக இறங்கும்வரை சும்மா இரு. என் சம்மதத்தோடு டாக்டரும் சாமியாரும் போனில் பேசி ஒரு ஒழுங்கு வைத்தார்கள். ஒரே குரு, மாதம் ஒருமுறை, ஐந்து நிமிஷம், பழசைக் கிளறக் கூடாது. இந்த நோய்க்காரர்கள் ஒரே குருவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது திருச்சபையின் பழைய அறிவுரைதானாம். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "அவங்க எங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

குமரி நர்ஸ்

நான் பி.எஸ்சி. நர்சிங். முதல் வருஷம் வார்டில் ஒரு பாட்டிக்கு முந்தின நாள் கஞ்சி ஊட்டினேன். மறுநாள் போனபோது கட்டில் காலி. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வேறு நோயாளியைப் படுக்க வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தூக்கம் போனது. வீட்டில் சொல்ல முடியாது, படிப்புக் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போவேன். வியாழன் என்றால் அங்கே எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், மலையாளம் என்று பூசைக்கு மேல் பூசை, மெழுகுவர்த்திச் சூடு, மாலை விற்கிறவர்கள், எந்தச் சாமியையும் கும்பிடுகிற எல்லா ஜனமும். அந்தக் கூட்டத்தில் அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்காகத்தான் போனேன்.

ஒரு அக்கா பார்த்துவிட்டார். நீலசந்திராவில் இருக்கிறார், வீட்டு வேலை செய்கிறார். "தமிழாம்மா நீ? எந்தூரு? சாப்ட்டியா?" இவ்வளவுதான் கேட்டார். டிபன் டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். எலுமிச்சைச் சாதமா அக்கா என்றேன். "சித்ரானம்" என்று திருத்தினார். பெங்களூர்த் தமிழ்!

நான்கு வியாழன் இப்படியே போனது. ஏன் அழுகிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஐந்தாவது வாரம், "ராத்திரி தூக்கம் வருதா?" என்றார். வரவில்லை என்றேன். தன் மகளுக்கு ஒரு காலத்தில் இப்படி இருந்ததையும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதையும், ஜெபமாலையை எண்ணுகிற மாதிரி மாத்திரையை எண்ணிக் கொடுத்ததையும் சொன்னார். பிறகு, "நீ நர்சுதானே, உனக்குத் தெரியாதா எங்க போகணும்னு?" என்று லேசாக அதட்டினார்.

தெரியும். 14416, டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். எங்கள் வார்டு நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தேன். அன்று ராத்திரி ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருந்து கூப்பிட்டேன். அங்கிருந்து கவுன்சிலிங், அப்புறம் மெல்ல மெல்ல தூக்கம்.

பின்னால் ஒரு தியானத்தில் சிஸ்டர் ஒருவர் பைபிளில் இறைவாக்கினர் எலியாவின் பகுதியை வாசித்தார். சூரைச்செடியடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார் எலியா. வானதூதர் வந்து ஒரு புத்திமதியும் சொல்வதில்லை. எழுந்து சாப்பிடு என்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொல்கிறார். எனக்கு அந்த அப்பம் சித்ரானமாகத்தான் தெரிந்தது.

பெயர் வேண்டாம்

எல்லாருக்கும் நல்ல ஆட்களே கிடைத்திருக்கிறார்கள் போல. எனக்கு அப்படி இல்லை.

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் ஜெபக் குழுவில் சேர்ந்தேன். பாட்டு, கைதட்டல், எல்லாரும் அன்பு. மூன்றாவது வாரம் அதை நடத்துகிற ஒரு அண்ணன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, விசுவாசம் முழுமையாக இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டார். நிறுத்தினேன். ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தேன். குழுவில் என் பெயரைச் சொல்லி, விசுவாசத்தில் தளர்ந்துபோனவளுக்காக ஜெபிப்போம் என்றார்களாம். அதுதான் இன்னமும் வலிக்கிறது.

நம் பைபிளில் சீராக் 38-ஆம் அதிகாரம் இருக்கிறது. மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவர்தான் படைத்தார், மருந்தை மண்ணிலிருந்து உண்டாக்கியவரும் அவரே, அறிவுள்ளவன் அதை ஒதுக்க மாட்டான் என்கிற பகுதி. ஜெபக் குழு நடத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லையா?

இன்னொன்று. என் தாத்தாவின் தம்பி 1960-களில் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர். அவரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். பூசை கிடையாது, மணி அடிக்கவில்லை. 1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் அப்படி. 1983-இல் வந்த புதுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. 1992-இல் வந்த மறைக்கல்வி நூல் இன்னும் மேலே போய், கடுமையான மனக் கோளாறும் வேதனையும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்த சாமியாரிடம் சின்னத் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பெயரைக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலைப் பூசையில் வாசித்ததாகச் செய்தி அனுப்பினார். அறுபது வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் ஒரு கோயிலுக்குள் கேட்டது. அம்மாவிடம் போனில் சொன்னேன், ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை.

சேலத்து ரூம்மேட்

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் கோஷ்டி. என் ரூம்மேட்டுக்கு உடம்பு, மனசு இரண்டும் சரியில்லாத சமயம். அவனைத் தனியாக விட வேண்டாம் என்று பங்கு ஃபாதர் என்னிடம் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு பூசைக்கும் கூடவே போவேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது முட்டி போடுவது, ஒன்றும் புரியாது. முன்னால் இருக்கிறவரைப் பார்த்து ஒரு நொடி லேட்டாகச் செய்வேன்.

ஒரு வாரம் எல்லாரும் வரிசையில் போகிறார்களே, பிரசாதம்தானே என்று நானும் எழுந்து நின்றுவிட்டேன். நண்பன் பதறி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். சட்டைப் பொத்தான் தெறித்து முன் வரிசையில் ஒரு ஆன்ட்டி மேல் விழுந்தது. ஒரு மாதமாகச் சிரிக்காதவன் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அவன் மாத்திரை டப்பா இப்போதும் என் அலமாரியில்தான். நைட்டு ஒன்பதரைக்கு நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

சிவாஜிநகர் பழசு

இளசுகள் எழுதுகிற இடத்தில் ஒரு கிழவன் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக சிவாஜிநகர். முதலில் இங்கே குடியேறின கத்தோலிக்கர்களே செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள்தான் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போதுள்ள மரியன்னை கோயில் 1882, பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதி பெற்றது 1973. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 தேர். காவிப் புடவைக் கூட்டத்தில் ரசல் மார்க்கெட் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. படிக்க வந்த பிள்ளைகள் எல்லாம் அந்த நாட்களில் ஊர் ஞாபகத்தில் வந்து நிற்பார்கள்.

நான் ஒரு தமிழ்ப் பாடகர் குழுவில் இருபது வருஷமாக ஆர்மோனியம். சில வருஷம் முன்னால் ஒரு பையன் சேர்ந்தான், அருமையான குரல். மூன்று ஞாயிறு பயிற்சிக்கு வரவில்லை. ஒழுங்கில்லாத பையன் என்று லிஸ்டில் இருந்து அடித்துவிட்டேன். நானேதான் அடித்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் அப்பா சாமான்களை எடுத்துப்போக வந்தார். பையன் பி.ஜி. அறையைப் பூட்டிக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே வராமல் கிடந்திருக்கிறான். காலேஜிலும் தேடவில்லை, கோயிலிலும் தேடவில்லை. இப்போது ஊரில் இருக்கிறான், தேறிவிட்டான், படிப்பு மட்டும் போச்சு. அப்பா என்னைத் திட்டவில்லை. "உங்க பாட்டுக் குழுவைப் பத்திதான் சார் வீட்ல பேசிட்டே இருப்பான்" என்றார். திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். யாராவது இரண்டு வாரம் வராவிட்டால் போன் செய்ய மாட்டோம், நேரில் போவோம். போனில் எல்லாருமே "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்கிறார்கள். கையில் ஏதாவது சாப்பாடு இருக்க வேண்டும், வெறுங்கையோடு போனால் விசாரணை மாதிரி ஆகிவிடும். உள்ளே கூப்பிட்டால் உட்காருவோம், கூப்பிடாவிட்டால் கொடுத்துவிட்டு வருவோம். பாதிப் பேர் சும்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள், "அங்கிள், பரீட்சை" என்பார்கள். பரவாயில்லை, பிரியாணி வீண் போவதில்லை.

பெரிய காலேஜ்களில் கவுன்சிலர் இருக்கிறார், நல்லதுதான். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் பரீட்சை எழுத வரும், அழ வராது. முதலில் தமிழில் ஒருவரிடம் அழுதுவிட்டால் அப்புறம் கவுன்சிலரிடம் போகக் கால் வருகிறது. நான் கூட்டிப்போன நான்கைந்து பேரிடம் பார்த்ததைச் சொல்கிறேன்.

முத்துநகர்ப் பையன்

எல்லாவற்றையும் படித்தேன். பெயர் வேண்டாம் அக்கா, அந்தச் சின்னத் தாத்தாவின் பெயரை எனக்குத் தனியாக அனுப்ப விருப்பம் என்றால் அனுப்புங்கள், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊர்க் கோயிலிலும் வாசிக்கச் சொல்கிறேன். அங்கிள், உங்கள் குழுவில் பேஸ் குரலுக்கு ஆள் வேண்டுமா?

இப்போது எப்படி இருக்கிறாய் என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். போன ஞாயிறு பல் தேய்க்கும்போது மறுபடி கொஞ்சம் பேஸ்ட் உள்ளே போனது. வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிளம்பினேன். நற்கருணை வாங்கினேன். பூசை முடிந்து வெளியே வந்தால் சாமியார் வாசலிலேயே நிற்கிறார். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஸ்தோத்திரம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சிவாஜிநகர் வண்டி வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு வண்டி வந்தது, ஏறிவிட்டேன்.