நியோநேட்டல் கோலிபேசில்லோசிஸ்: தமிழில் என்ன வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பன்றி வளர்ப்புக் கையேட்டின் நோய்ப் பகுதிக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. பிறந்து நான்கு நாளுக்குள் பன்றிக்குட்டிக்கு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவால் வரும் கழிச்சல், அதாவது நியோநேட்டல் கோலிபேசில்லோசிஸ். 'வெள்ளைக்கழிச்சல்' என்றே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பண்ணையில் எல்லாருக்கும் புரியும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

———

> 'வெள்ளைக்கழிச்சல்' என்றே வைத்துவிடலாம்

வேண்டாம் ஐயா. தமிழ்நாட்டில் கோழி வளர்க்கிறவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட். அது வைரஸ் நோய். ஒரே வீட்டில் கோழியும் பன்றியும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நிறத்தை நம்பியும் பெயர் வைக்க முடியாது. ஈ.கோலைக் கழிச்சல் தண்ணீராகப் போகும். வெளிர்மஞ்சளாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். ஐந்து நாள் தாண்டிய குட்டிக்குக் காக்சிடியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி வந்தாலும் மஞ்சள் கலந்த வெள்ளையில் களிம்பு போலப் போகும். அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பயனில்லை, டோல்ட்ரசுரில் என்ற ஒட்டுண்ணி மருந்துதான் வேண்டும்.

வயதை வைத்துப் பெயரிடுவதே சரி. ஈ.கோலை குடலில் ஒட்டுவதற்கு எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41, எஃப்18 என்று ஃபிம்ப்ரியா (கிருமியின் மேலுள்ள நுண்ணிய இழை) வகைகள் உண்டு. எஃப்5, எஃப்6 ஒட்டும் ஏற்பிகள் (குடல்செல்லில் அவை பிடித்துக்கொள்ளும் இடங்கள்) குட்டி வளர வளரச் செயலிழக்கின்றன. எஃப்18 ஏற்பி பிறந்த குட்டியில் இருப்பதில்லை, பால் மறக்கும் வயதில்தான் தலைகாட்டுகிறது. எஃப்4 மட்டும் இரண்டு பருவத்திலும் வேலை காட்டும். ஆக முதல் வாரத்து நோயும் பால் மறந்தபின் வரும் நோயும், கிருமியின் பெயர் ஒன்றானாலும், வேறு வேறு. முன்னதற்கு 'ஈற்றுக் கழிச்சல்', பின்னதற்கு 'பால்மறப்புக் கழிச்சல்' என்று முன்மொழிகிறேன்.

———

'பால்மறப்புக் கழிச்சல்' நன்றாக இருக்கிறது. 'ஈற்றுக் கழிச்சல்' என்றால் ஈன்ற தாய்ப்பன்றிக்குக் கழிகிறது என்றுதான் முதலில் தோன்றும். 'இளங்குட்டிக் கழிச்சல்' என்று வைத்தால் யாருக்கு என்ற சந்தேகமே வராது.

ஆனால் வயது மட்டும் போதாது. அதே முதல் நான்கு நாளில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் சி வகையும் வரும். அதன் பீட்டா நச்சைக் குடலின் செரிமான நொதியான டிரிப்சின் சிதைத்துவிடும். சீம்பாலிலோ டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அதனால்தான் அது பிறந்த குட்டியைக் குறிவைக்கிறது. கழிச்சல் ரத்தமாகப் போகும். சில குட்டிகள் கழிவதற்கு முன்பே செத்துக் கிடக்கும். அறுத்துப் பார்த்தால் சிறுகுடலின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாக, சுவரில் காற்றுக் குமிழோடு இருக்கும். ரோட்டா வைரஸும் இளங்குட்டிக்கு வரக்கூடியதே. எனவே காரணியை முன்னொட்டாகச் சேர்த்து 'ஈ.கோலை இளங்குட்டிக் கழிச்சல்' என்போம்.

இதோடு 'செக்ரீட்டரி டயரியா'வுக்கும் சொல் தேவை. 'சுரப்புக் கழிச்சல்' எப்படி? ஈ.கோலை நச்சு குடல்செல்லை அழிப்பதில்லை. குளோரைடையும் தண்ணீரையும் குடலுக்குள் கொட்ட வைக்கிறது, அவ்வளவுதான். குடலுறிஞ்சிகள் (குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள்) அப்படியே நிற்கும். குளுக்கோஸோடு சோடியத்தை உறிஞ்சும் வழியும் கெடாது. அதனால்தான் குளுக்கோஸும் உப்பும் சேர்ந்த எலக்ட்ரோலைட் நீரை ஆழமில்லாத தட்டில் வைத்து, அழுக்காக அழுக்காக மாற்றிக்கொண்டிருந்தால் குட்டி பிழைத்துக்கொள்கிறது. ரோட்டாவில் உறிஞ்சிகளே தேய்ந்துவிடும். செரிக்காத பால்சர்க்கரை புளிக்கும். பிஎச் தாளில் ஈ.கோலைக் கழிச்சல் காரமாகவும் ரோட்டா அமிலமாகவும் காட்டுவது இதனாலேயே. தாளை ஆசனவாயில் வரும் புதுக் கழிச்சலில் தொட வேண்டும். தரையில் கிடப்பதில் மூத்திரமும் சுண்ணாம்பும் கலந்திருக்கும், எதை எடுத்தாலும் காரம் என்றே சொல்லும். இது முதற்கட்ட வடிகட்டல்தான், ஆய்வக முடிவுக்கு ஈடாகாது.

———

மேலே ஃபிம்ப்ரியா என்று விட்டுவிட்டீர்கள். கசையிழை, குறுஇழை என்ற மற்ற நுண்ணிழைப் பெயர்களின் வரிசையில் அதற்கு 'பற்றிழை' சேரட்டும். தடுப்பூசிக் குப்பியின் மேலேயே எஃப்4, எஃப்5 என்று அச்சிட்டிருக்கிறது; அந்த எழுத்தும் எண்ணும் எதைச் சொல்கின்றன என்று விவசாயிக்குத் தெரிய வேண்டும்.

தடுப்பூசி தாய்ப்பன்றிக்குத்தான் போடுகிறோம். முதல்முறை போடும்போது ஈனுவதற்கு 5–6 வாரம் முன்பு ஒன்று, 2–3 வாரம் முன்பு இன்னொன்று. குப்பியோடு வரும் தாளில் வேறுவிதமாக இருந்தால் அதுவே கணக்கு. பற்றிழைக்கு எதிரான எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகாது, சீம்பால் வழியாக மட்டுமே போகும். அதைக் குட்டியின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுக்கும் வாசல் 24–36 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. 'ஊசி போட்டும் கழிகிறது' என்ற புகாரில் பாதி இங்கேதான்: கடைசியில் பிறந்த சிறிய குட்டி காம்புக்கு வந்து சேரவில்லை, அல்லது தரை குளிர்ந்து கிடந்தது. பிறந்த குட்டிக்குப் படுக்கையில் 32–34 டிகிரி வேண்டும். தாய்க்கு அந்தச் சூடு ஆகாது, அதனால் குட்டி மூலையில் மட்டும் விளக்கு. மீதிப் பாதி, எஃப்18 இல்லாத ஊசியைப் போட்டுவிட்டுப் பால்மறப்புக் கழிச்சல் வராது என்று எதிர்பார்ப்பது.

———

நன்றி. வெள்ளைக்கழிச்சலைக் கைவிட்டேன். 'சுரப்பு' என்றதும் பால் சுரப்பது நினைவுக்கு வரும் என்றாலும், 'கழிச்சல்' ஒட்டி வருவதால் ஏற்கிறேன். வரைவிலிருந்த கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் பற்றிய வரியையும் எடுத்துவிட்டேன். உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கு அது இந்தியாவில் 2019-இல் தடை செய்யப்பட்டது. பதிவு இப்படிப் போகிறது:

ஈ.கோலை இளங்குட்டிக் கழிச்சல்: பிறந்த 0–4 நாளில், பற்றிழையால் சிறுகுடலில் ஒட்டும் ஈ.கோலையின் நச்சால் வரும் சுரப்புக் கழிச்சல். ஆய்வகத்துக்கு, கழிச்சல் அன்று தொடங்கிய, மருந்து கொடுக்காத குட்டியைத் தேர்ந்தெடுக்கவும். செத்து நேரமான குட்டியின் குடல் அழுகிவிடும், உதவாது.