மூல நிரலிலிருந்து கம்பைல் செய்த (நாமே ஓடும் நிரலாகக் கட்டிய) அனுபவங்கள்: மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தும்பி:
படங்களின் மேல் தமிழ் வாசகம் பொறிக்க இமேஜ்மேஜிக் என்ற பட நிரலைத்தான் பயன்படுத்துகிறேன். நிறுவியிருந்த பைனரி (பிறர் கட்டித் தந்த நிரல்), ‘கை’ என்ற சொல்லில் ஐகாரக் குறியைக் ககரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது. எழுத்துருவில் கோளாறு இல்லை. அந்தப் பைனரி, எழுத்துகளை முறைப்படி அமைத்துத் தரும் ராக்ம் லைப்ரரி இல்லாமல் கட்டப்பட்டிருந்தது. நாமே கட்டிவிடலாம் என்று மூல நிரலை இறக்கினேன். கட்டத் தேவையானவை கணினியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கன்ஃபிகர் ஓடி முடிந்ததும் ஒரு நீண்ட அட்டவணை வரும், தெரியும் அல்லவா? ராக்ம் வரிசையில் கேட்டது ‘யெஸ்’. பக்கத்திலேயே, கிடைத்தது ‘நோ’. பிழைச் செய்தி கிடையாது, நின்றுபோகவும் இல்லை. அதைப் பார்க்காமல் மேக் என்ற கட்டும் கட்டளையைக் கொடுத்திருந்தால் ஒரு தடங்கலும் இல்லாமல் கட்டி முடிந்து, அதே உடைந்த ‘கை’தான் வந்திருக்கும். ராக்மின் டெவ் பொதியை (கட்டும்போது தேவைப்படும் கோப்புகள்) நிறுவி மறுபடி ஓட்டியதும் ‘நோ’ இருந்த இடத்தில் ‘யெஸ்’ வந்தது. எழுத்தும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. ஒரு மொழியின் எழுத்தையே சிதைக்கிற குறையை அட்டவணையின் மூலையில் எழுதிவிட்டுக் கடந்துபோவது என்ன நியாயம்?

முனையவாசி:
எனக்கு எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு. கம்பைல் எல்லாம் ஒழுங்காகப் போய், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் ‘கில்ட்’ என்று ஒரே ஒரு சொல். காரணம் எதுவும் இல்லை. இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிவைத் திறந்தால்தான் தெரிகிறது, நினைவகம் போதாமல் கெர்னலே லிங்கரைக் கொன்றிருக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் வேலைகளை ஒன்றாகக் குறைத்ததும் முடிந்தது. அப்படியும் பைனரியைவிட இதுவே மேல். மூலத்திலிருந்து கட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

இரவுப்பறவை:
முனையவாசியின் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் விவகாரத்தை எப்படி மறந்தீர்கள்? 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பின்கதவு (ரகசிய நுழைவழி), சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், மூல நிரலைப் பராமரிக்கும் கிட் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் எம்4 மேக்ரோ (கன்ஃபிகரை உருவாக்கப் பயன்படும் நிரல் துண்டு) மட்டும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் (மூல நிரலை மூட்டையாகக் கட்டித் தரும் கோப்பு) இருந்தது. எஸ்எஸ்எச் வழியாகத் தொலைக் கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கவனித்துத் துருவியதால் பிடிபட்டது.

அதற்குப் பிறகு, நான் வழக்கமாகக் கட்டும் ஒரு சிறிய லைப்ரரியின் டார்பாலையும் கிட் களஞ்சியத்தையும் டிஃப் கொடுத்து ஒப்பிட்டேன். திரை நிறைய வித்தியாசங்கள் ஓடின. பெரும்பாலும் ஆட்டோடூல்ஸ் கருவிகள் தானாக உருவாக்கிய கன்ஃபிகர் கோப்பு, ஆயிரக்கணக்கான வரிகள். அதற்குள் ஒரு வரி கூடுதலாக இருந்தால் என் கண்ணில் பட்டிருக்குமா? படாது. அன்றிலிருந்து கன்ஃபிகர் ஓட்டும்போதெல்லாம் அந்தத் திரை நினைவுக்கு வருகிறது.

கருவிப்பெட்டி:
லைப்ரரி கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, நிரலோ அப்படிக் கோப்பே இல்லை என்கிறது. லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் ஓட்டியதும் சரியானது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தயவுசெய்து சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) மேக் இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். எங்கெங்கே எந்தக் கோப்பு போய் விழுந்தது என்று பொதி மேலாளருக்குத் தெரியாது. பின்னால் நீக்குவது பெரும்பாடு. நிறுவும் இடத்தைக் குறிக்கும் பிரிஃபிக்ஸை உங்கள் முகப்புக் கோப்புறைக்குள், நிரலுக்கு ஒரு தனிக் கோப்புறையாகக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அந்தக் கோப்புறையை அழித்தால் போதும். கட்டிய இடத்தையும் உடனே துடைத்துவிடாதீர்கள்: மேக் அன்இன்ஸ்டால் இருக்கும் நிரல்களில்கூட அதை அங்கிருந்துதான் ஓட்ட வேண்டும். பிழை வந்தால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. மேலே ஏறி முதல் பிழையைத் தேடுங்கள். தும்பி அவர்களே, உங்கள் ‘நோ’வுக்கான காரணம் கன்ஃபிகர் விட்டுச்செல்லும் கன்ஃபிக்.லாக் கோப்பில் எழுதியிருந்திருக்கும். அந்தக் கோப்பைப் பலர் திறப்பதே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

தும்பி:
திறந்து பார்த்துத்தான் டெவ் பொதி இல்லை என்று கண்டுபிடித்தேன் ஐயா. அந்தப் பதிவை ஏன் அட்டவணையிலேயே ஒரு வரியாகக் காட்டக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

முனையவாசி:
இரவுப்பறவைக்கு: டார்பாலைத் தொடாமல், கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்து கன்ஃபிகரைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃப் ஓட்டிக் கட்டியிருந்தால் அந்த மேக்ரோ உள்ளே வந்திருக்காது. ஆகவே நான் சொன்னதை முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். எந்த மூலத்திலிருந்து கட்டுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஒப்பிட்ட அந்த லைப்ரரியை இப்போது எதிலிருந்து கட்டுகிறீர்கள்?